கீழ்வீட்டுப் பையனும் அஞ்சாவது கிரேடு பரீட்சையும்



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கிவைத்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் நம் பள்ளிக்கூடத்தில் 1998இல் எட்டாம் வகுப்பு படித்த ஒரு மாணவர் யோகோஹாமாவிலிருந்து பேசினார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூடப் படித்தவர்கள் கண்டுபிடித்துக்கொள்வீர்கள். அவருடைய மகன் அங்கே ஜப்பானிய நடுநிலைப் பள்ளியில் முதல் வருஷம் சேர்ந்திருக்கிறான். "டீச்சர், என் பையன் வீட்ல பாதி நேரம் இங்கிலீஷ்லதான் பேசுறான். அவனப் போயி எய்கென்னு ஒரு பரீட்சை, அதுவும் அஞ்சாவது கிரேடு எழுதச் சொல்றாங்க. இந்த ஏ பி சி டி பரீட்சையெல்லாம் இவனுக்கு எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார்.

போனில் பாதிதான் சொன்னேன். மருமகள் கூப்பிட்டாள், வைத்துவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். ஜப்பானுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் உங்களில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கும் உதவும்.

எனக்கு இந்தப் பரீட்சையைப் பற்றி எப்படித் தெரியும் என்றால், போன வருஷம் செப்டம்பர் தொடங்கி மூன்று மாதம் டோக்கியோவில் மகள் வீட்டில் இருந்தேன். நிஷி கசாய் என்ற இடம். எடோகவா வட்டாரத்தில் நம் இந்தியர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பகுதி. கறிவேப்பிலை, தோசை மாவு எல்லாம் கிடைக்கிறது. அங்குள்ள நம் ஆட்கள் பலரும் பிள்ளைகளை இந்தியப் பள்ளியில் சேர்க்கிறார்கள். என் மகளும் மருமகனும் பேத்தியை ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஜப்பானிய அரசுப் பள்ளியில் போட்டுவிட்டார்கள். இப்போது அவள் நடுநிலைப் பள்ளியில் இரண்டாம் வருஷம். நம் கணக்கில் எட்டாம் வகுப்பு. நான் வாழ்க்கை முழுக்க நடத்திய வகுப்பு அல்லவா, போன மறுநாளே அவள் பையைக் கொட்டிப் பார்த்துவிட்டேன்.

எய்கென் என்பது பள்ளிக்கூடப் பரீட்சை இல்லை. தனி அமைப்பு ஒன்று நாடு முழுக்க நடத்துகிறது. 1963இல் தொடங்கியது, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முந்தின வருஷம். அப்போது மூன்று கிரேடுதான். பிறகு மேலும் கீழும் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். தொடக்கக்காரர்களுக்கான அஞ்சாவது கிரேடு 1987இல் வந்தது. வெளிநாட்டு இளைஞர்களைப் பள்ளிகளில் உதவி ஆசிரியராக வைக்கும் திட்டமும் அதே வருஷம்தான் தொடங்கியிருக்கிறது. நம் வழக்கத்துக்குத் தலைகீழாக, எண் குறையக் குறைய மேலே போவதாக அர்த்தம். அஞ்சு என்பது நடுநிலை முதல் வருஷத் தரம், நாலு இரண்டாம் வருஷம், மூன்று அந்தப் பள்ளியை முடிக்கும் தரம். வருஷத்துக்கு மூன்று தடவை நடக்கும். யாரும் எழுதலாம், எந்த கிரேடிலும் தொடங்கலாம், எத்தனை முறையும் எழுதலாம்.

நம் ஊரில் இதற்கு ஒப்பாக எதைச் சொல்வது என்று யோசித்தேன். தட்சிண பாரத இந்தி பிரசார சபா பரீட்சைகள்தான் ஞாபகம் வந்தன. பிராத்மிக், மத்தியமா, ராஷ்டிரபாஷா என்று படிப்படியாகப் போகுமே, அது மாதிரி. பெரிய தெருவில் மாமி ஒருத்தர் திண்ணையில் வைத்துச் சொல்லிக்கொடுப்பார், உங்களில் சிலர் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே ஓடுவீர்கள். இல்லாவிட்டால் டைப்ரைட்டிங் லோயர், ஹையர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, மார்க் ஷீட்டில் சேராத பரீட்சைகள்.

அஞ்சாவது கிரேடில் இரண்டு பாகம். படிக்கிற பாகம் 25 நிமிஷம், 25 கேள்வி. கேட்கிற பாகம் 20 நிமிஷம் போல, அதிலும் 25 கேள்வி. சுமார் 600 சொற்கள் தெரிந்தால் போதும் என்கிறார்கள். 'மை சிஸ்டர் ___ த பியானோ எவ்ரி டே' என்று ஒரு வாக்கியம், கீழே பிளே, பிளேஸ் என்று நாலு விடை. பென்சிலால் வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். கேட்கிற பாகத்தில் ஒரு படம் இருக்கும். ஒலிபெருக்கியில் ஒரு பையன் ஏதோ கேட்பான். அதற்குச் சரியான பதில் மூன்றில் எது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு தடவை போடுவார்கள்.

இதுதான் பரீட்சை. இனி பையன்.

மகள் வீட்டுக்கு ஒரு மாடி கீழே ஒரு தாயும் மகனும். அந்தம்மா மாலையில் சூப்பர் மார்க்கெட்டில் வேலை. பையன் என் பேத்தியின் வகுப்புதான். நான் வந்த முதல் வாரம் லிஃப்டில் பார்த்தபோது, "எங்கம்மா டீச்சர்" என்று மகள் சொன்னாள். அந்த ஊரில் ஆசிரியர் என்றால் சென்செய். அந்தம்மா அந்தச் சின்ன லிஃப்டிலேயே குனிந்து வணங்கினார், கையிலிருந்த முட்டை டப்பா என் வயிற்றில் இடித்தது. இரண்டு நாள் கழித்து மகளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்: அக்டோபரில் மகன் எய்கென் அஞ்சு எழுதுகிறான், சென்செய் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று.

செவ்வாய், வெள்ளி மாலை ஆறரைக்கு. பள்ளி முடிந்து டேபிள் டென்னிஸ் ஆடிவிட்டு வேர்வையோடு வருவான். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது, எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த இங்கிலீஷ் அவனுக்கு வராது. பேத்திதான் நடுவில். அவள் என்னை 'அம்மாச்சி' என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டு 'அம்மாச்சி சான்' என்றான். கடைசிவரை யாரும் திருத்தவில்லை.

முதல் நாள் அவன் பாடப் புத்தகத்தைத் திறந்ததும் எனக்கு நம் பள்ளிக்கூடம் கண்ணில் வந்தது. ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லுக்கும் தலைக்கு மேல் பென்சிலில் பொடிப்பொடியாக அவர்கள் எழுத்து. வெளிநாட்டுச் சொற்களை எழுத அவர்களிடம் கதகனா என்று ஒரு எழுத்து இருக்கிறது. 'திஸ் இஸ் மை பென்' என்பதற்கு மேலே 'டிசு இசு மை பென்' என்று இருக்கிறதாம். நீங்கள் எல்லாரும் 'வாட் ஈஸ் யுவர் நேம்' என்று தமிழில் மேலே எழுதிவைத்துக்கொண்டு தானே வாசித்தீர்கள்? நான் யாரையும் அழிக்கச் சொன்னதில்லை, நினைவிருக்கும். அது நடைவண்டி. குழந்தை தானாக விடும்போது விடட்டும்.

இங்கே ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். அவர்கள் மொழியில் மெய்யெழுத்தில் முடியும் சொல் அநேகமாக 'ன்' ஒன்றுதான். மற்ற எந்த இங்கிலீஷ் சொல் வந்தாலும் வாலில் ஓர் உயிரை ஒட்டிவிடுவார்கள், பெரும்பாலும் உகரம். பஸ் என்றால் பசு. புக் என்றால் புக்கு. மில்க் என்றால் மிருக்கு. ஐஸ்கிரீம் என்றால் ஐசுக்குரீமு! நாம் மட்டும் என்ன? பஸ்ஸு, புக்கு, லைட்டு, பேக்கு. வல்லினம் மெய்யாக வந்து முடியாது, குற்றியலுகரம் ஏறும் என்று உங்களுக்கு ஏழாம் வகுப்பில் எத்தனை தடவை நடத்தினேன். அன்றைக்குத் தூங்கியவர்கள் இப்போதாவது கேட்டுக்கொள்ளுங்கள். 'புக்கு' என்று அவன் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் பயந்துவிட்டான். "எங்கள் ஊரிலும் இப்படித்தான்" என்று பேத்தியை விட்டுச் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது. ஆனால் ர, ல சங்கதி மட்டும் நமக்கு இல்லாத சங்கடம். நாம் ர, ற, ல, ள, ழ என்று அஞ்சு வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம்; அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றே ஒன்று. லைட்டும் ரைட்டும் அவன் வாயில் 'ரைத்தோ'தான்.

அஞ்சாவது கிரேடில் அவனுக்குப் பெரிய எதிரி ஒரு கேள்வி வகை. ஜப்பானிய மொழியில் ஒரு வாக்கியம் கொடுத்துவிடுவார்கள். அதற்கான இங்கிலீஷ் சொற்கள் நாலு கலைந்து கிடக்கும். வரிசைப்படுத்தி, முதலாவதும் மூன்றாவதும் எவை என்று சொல்ல வேண்டும். இதில்தான் எனக்கு ஒரு கண்டுபிடிப்பு நேர்ந்தது. பேத்தி அவன் மொழி வாக்கியத்தை எனக்குச் சொல் சொல்லாகத் தமிழாக்கிச் சொன்னாள்: "வத்தஷி வ, நான். நிச்சியோபி நி, ஞாயித்துக்கிழமையில. டெனிசு ஓ, டென்னிஸை. ஷிமசு, ஆடுறேன்." ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றவில்லை! எழுவாய் முன்னால், வினை கடைசியில், 'இல்', 'ஐ' எல்லாம் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு. கேள்வி கேட்க வேண்டுமானால் நாம் கடைசியில் 'ஆ' போடுகிறோம், அவர்கள் கடைசியில் 'கா' போடுகிறார்கள். அவ்வளவுதான்.

சுசுமு ஓனோ என்று ஒரு ஜப்பானிய அறிஞர் இதையெல்லாம் வைத்துத் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்றே எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரு பையனுக்கு வாக்கியம் புரிய வைக்க ஒரு வழி.

ஒரு மாடு வரைந்தேன். என் மாடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், கரும்பலகையில் அதை நாய் என்று சொன்னவர்கள் நீங்கள். "உங்க மொழியும் எங்க மொழியும் கேள்வியை வாலில் கட்டும். இங்கிலீஷ் மாடு மட்டும் கேள்வியைத் தலையில் கொம்பாக வைத்துக்கொள்ளும். டூ ஒரு கொம்பு, டஸ் ஒரு கொம்பு." பேத்தி இதை எப்படி மொழிபெயர்த்தாளோ, பையன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தபோது அவன் நோட்டில் கேள்வி வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் குட்டியாக இரண்டு கொம்பு.

அடுத்தது 'பிளேஸ்' என்பதில் வரும் அந்த 'ஸ்'. ஜப்பானில் இதற்கு 'சன்தன்கென்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்: படர்க்கை, ஒருமை, நிகழ்காலம் என்பதன் சுருக்கம். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் இங்கிலீஷை வெறுக்கத் தொடங்கும் இடம் இது என்று பேத்தி சொன்னாள். அவர்கள் மொழியில் நான் போனாலும் நீ போனாலும் அவள் போனாலும் வினைச்சொல் மாறாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு, 'ஷி' வந்தால் ஏன் ஒரு 'ஸ்' என்பது அநியாயமாகத்தானே தெரியும்? தமிழில் எப்படி என்று பேத்தியைச் சொல்லச் சொன்னேன். வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறது, வருகிறோம். அவள் விரல் மடக்கிச் சொல்லச் சொல்ல அவன் கண் பெரிசானது. நாலைந்து நிமிஷம் எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அப்போ இங்கிலீஷுக்கு ஒரே ஒரு வால்தானா?" அதற்குப் பிறகு அவன் அந்த 'ஸ்'ஸைப் பற்றி முறையிடவில்லை. நம் மொழிக்காரர்கள்மேல் கொஞ்சம் பரிதாபம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, எழுதப் போவதில்லை என்றான்.

காரணம் பேத்திக்குத் தெரியும். இரண்டாம் வருஷப் பையன்கள் நாலாவது கிரேடு, சிலர் மூன்றாவதே எழுதுகிறார்கள். அஞ்சாவது கிரேடு எழுதும் கூடத்தில் தொடக்கப் பள்ளிப் பொடிசுகள்தான் நிறைய இருக்கும். ஏழு வயது, எட்டு வயது. இவனுக்குப் பதிமூன்று முடிந்துவிட்டது, உயரம் என் மருமகன் தோள் அளவு. யாராவது பார்த்தால்?

அவன் பின்தங்கியதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஜப்பானில் 2020இலிருந்துதான் தொடக்கப் பள்ளியின் அஞ்சாம், ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் முழுப் பாடமானது. அங்கே பாட்டும் விளையாட்டுமாக 600, 700 சொல் பிள்ளைகளின் காதில் விழுந்திருக்கும் என்று கணக்கு. 2021இல் வந்த நடுநிலைப் பாடத்திட்டம் அந்தக் கணக்கின்மேல்தான் கட்டியிருக்கிறது. இன்னும் 1,600 முதல் 1,800 சொல் வரை. முன்பு நடுநிலைக்கு 1,200தான். ஆடிப் பாடிக் கேட்ட சொல்லை எழுத்தில் காட்டி, "இதுதான் உனக்குத் தெரியுமே" என்று முதல் வருஷம் முதல் மாதமே புத்தகம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. தனிப்பயிற்சிப் பள்ளிக்குப் போகிற பிள்ளை சமாளிக்கும். இவன் அம்மா சம்பளத்தில் அது நடக்காது.

அன்றைக்குப் பாடம் நடத்தவில்லை. 1991 அறிவொளி கதையைச் சொன்னேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் நாங்கள் இரவு இரவாகக் கிராமம் கிராமமாகப் போனோமே, அந்தக் கதை. கல் உடைக்கும் ஓர் அம்மா, ஐம்பது வயசுக்கு மேலே, பேரனின் சிலேட்டை வாங்கிக்கொண்டு வந்து, அரிக்கேன் விளக்குக்குப் பக்கத்தில் அந்தப் பேரனோடேயே உட்கார்ந்து 'பட்டா', 'படி' என்று எழுதியது. பேரன் திருத்துவான். அந்தம்மா அவன் தலையில் குட்டிவிட்டுத் திருத்தியதை எழுதிக்கொள்வார். பையன் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டான்: "அந்தப் பாட்டி பாஸ் ஆனாங்களா?"

பாஸ் என்று எதுவும் இல்லை, கீரனூர் போகும் பஸ்ஸின் போர்டை யாரையும் கேட்காமல் படித்து ஏறினார் என்றேன். அவனுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் போகிறேன் என்றான்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தம்மா விடுப்பு எடுத்திருந்தார். நாங்கள் நாலு பேரும் போனோம். ஒரு பல்கலைக்கழகக் கட்டடம். வழியெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகப் பூத்த ஒரு மரம், மனோரஞ்சிதம் போல வாசனை. வாசலில் பொடிசுகள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றன. மூக்கு துடைத்துவிடுகிறார்கள், பென்சில் சீவி வைக்கிறார்கள். இவன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அவர்களுக்கு நடுவில் ஒட்டகம் மாதிரி உள்ளே போனான். வெளியே வந்ததும் முதலில் சொன்னது விடைகளைப் பற்றி இல்லை. பக்கத்து இருக்கைக் குட்டிப்பயல், "நீங்கள் மேற்பார்வைக்கு வந்த அண்ணாவா?" என்று கேட்டானாம்.

முடிவு சில வாரங்களில் இணையத்தில் வந்தது. மொத்தம் 850. தேற 419 வேண்டும். அவன் 404.

அந்தம்மா மேலே வந்தார். கையில் பேரிக்காய்ப் பெட்டி, ஜப்பானியப் பேரிக்காய், ஆப்பிள் மாதிரி உருண்டை. உங்கள் உழைப்பை வீணாக்கிவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்று குனிந்தார். பையன் பின்னால் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனிப் பணம் கட்ட வேண்டாம், இங்கிலீஷ் தனக்கு வராது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டானாம். பதிமூன்று வயதில் ஒரு பிள்ளை ஒரு பாடத்தைப் பற்றி அப்படி முடிவு கட்டினால் அது அறுபது வயது வரை இருக்கும். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

நான் பேரிக்காயை வாங்கி வைத்துவிட்டு மதிப்பெண் தாளைக் கொண்டுவரச் சொன்னேன். இந்த அமைப்பு செய்கிற நல்ல காரியம் இதுதான். வெறும் பெயில் என்று சொல்லிவிட்டுப் போகாமல், படித்ததில் எவ்வளவு, கேட்டதில் எவ்வளவு என்று பிரித்துத் தருகிறார்கள். கேட்டதில் 425க்கு 233. படித்ததில் 425க்கு 171.

அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பேத்தியை விட்டு 'லைப்ரரி' என்று சொல்லச் சொன்னேன். உடனே புத்தக அலமாரியைக் காட்டினான். அதையே தாளில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி நீட்டினேன், மேலே கதகனா இல்லாமல். விழித்தான். 'கிச்சன்' அப்படித்தான். 'வெட்னஸ்டே' அப்படித்தான். காதுக்குத் தெரிந்த சொல் கண்ணுக்குத் தெரியவில்லை. பரீட்சைத் தாளில் நடைவண்டி கிடையாதே. இங்கிலீஷ் வராத பையன் இல்லை இவன். எழுத்துக்கூட்டிப் படிக்க நேரம் கிடைக்காத பையன். இதை அந்தம்மாவிடம் மகள் மூலமாக விளக்கினேன். அவர் அந்த இரண்டு எண்களையும் மறுபடி மறுபடி பார்த்தார். காதால் கேட்டதில் மகன் பாதிக்கு மேல் வாங்கியிருக்கிறான் என்பதையே அப்போதுதான் கவனித்தார்.

நம் பிள்ளைகளுக்கு இது தலைகீழ். பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் தாள் முழுக்க எழுத்துதான். பக்கம் பக்கமாகக் கடிதமும் கட்டுரையும் எழுதி 90 வாங்கிய பிள்ளை, ரயில் நிலைய அறிவிப்பு இங்கிலீஷில் வந்தால் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்க்கும். 

அப்புறம் ஒரு மாதம் புத்தகத்தைத் திறக்கவில்லை. செவ்வாய், வெள்ளியில் கடைத்தெருவுக்கு நடந்தோம். இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும் பெயர்ப்பலகை எது கண்ணில் பட்டாலும் வாசிக்க வேண்டும். பேக்கரி, ஹேர், கிளினிக், ஃபிளவர், ஓப்பன், குளோஸ்ட். வாசித்ததை வீட்டுக்கு வந்து அட்டையில் எழுதிப் பின்பக்கம் படம் போடுவான். அவன் மாடு என் மாட்டைவிட நன்றாக இருந்தது.

இந்த நடுவில் இன்னொன்று தெரிந்தது. அஞ்சாவது, நாலாவது கிரேடுக்கு விண்ணப்பித்த எல்லாருக்கும், தேறினாலும் தேறாவிட்டாலும், பேசும் தேர்வு ஒன்று உண்டு. வீட்டுக் கணினியிலேயே செய்யலாம். அதன் முடிவு தனி. அதில் தேறினால் அஞ்சாவது கிரேடு கிடைத்துவிடாது, அதற்கென்று தனியாகத் தேர்ச்சி தருவார்கள். நவம்பர் கடைசியில், நான் கிளம்புவதற்கு முந்தின வாரம், மகளின் மடிக்கணினியில் உட்காரவைத்தோம். ஒரு படமும் இரண்டு மூன்று வரியும் வந்தன. மனசுக்குள் படித்து, பிறகு வாய்விட்டுப் படித்து, மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நானும் பேத்தியும் சமையலறையில் மூச்சு விடாமல் நின்றோம். கதவு வழியாக அவன் குரல் கேட்டது. வரிகளை மெதுவாக, விட்டுவிட்டு, ஆனால் நிற்காமல் வாசித்தான். வாலில் உகரம் ஒன்றுகூடக் குறையவில்லை.

நான் ஊருக்கு வந்த பிறகு அதில் தேறிவிட்டான் என்று செய்தி வந்தது. ஜனவரிப் பரீட்சைக்கு அதற்கு முன்பே அம்மா பணம் கட்டியிருந்தார். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லையாம்.

எனக்கு இந்தப் பரீட்சையில் பிடித்ததைச் சொன்னேன். பிடிக்காததும் உண்டு. தானாக விரும்பி எழுதும் பரீட்சை என்கிறார்கள். ஆனால் மேல்நிலைப் பள்ளிச் சேர்க்கையில், குறிப்பாகத் தனியார் பள்ளிகள் பல, இந்தச் சான்றிதழுக்குச் சலுகை தருகின்றன. அப்புறம் விருப்பம் எங்கே இருக்கிறது? அரசாங்கமும், நடுநிலை முடிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேராவது மூன்றாவது கிரேடு தரத்துக்கு வர வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தது, இப்போது அதை 60 சதவீதமாக்கியிருக்கிறது. டோக்கியோவில் 2022இலிருந்து மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பேச்சுத் தேர்வு வேறு. காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேச வேண்டும், அதற்கு 20 மார்க், அரசு மேல்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் சேரும். கூச்ச சுபாவமுள்ள ஒரு பிள்ளைக்கு அந்த 20 மார்க் என்ன பாடு படுத்தும்! 2019இல் நம் மாநிலத்தில் அஞ்சுக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 தொடக்கத்தில் வாபஸ் வாங்கினார்களே, நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. சின்னப் பிள்ளைக்குப் பரீட்சை வைக்கலாம். அதைக் கொண்டு கதவை மூடக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

யோகோஹாமா மாணவருக்கு: எழுதட்டும் தம்பி. உன் மகனுக்கு இங்கிலீஷ் தெரியும், சரி. ஆனால் கேள்வித்தாளின் குறிப்புகள் ஜப்பானிய மொழியில் இருக்கும், அந்த வரிசைப்படுத்தும் கேள்விக்கு மூல வாக்கியமே ஜப்பானிய மொழிதான். என் பேத்தி மூன்றாம் வகுப்பில் அஞ்சாவது கிரேடு எழுதியபோது அவள் விட்டது அந்த வகையில் மட்டும்தான் இரண்டு. இங்கிலீஷ் வாக்கியம் தெரியும், அவர்கள் எதைச் சொல்லச் சொல்கிறார்கள் என்பது பிடிபடவில்லை. உன் மகன் அங்கே போய் ஒரு வருஷம்தானே ஆகிறது? அவனுக்கு இது இங்கிலீஷ் பரீட்சையைவிட ஜப்பானியப் பரீட்சை. அதுவும் வேண்டாம் என்றால் நேராக மூன்றாவது எழுதச் சொல். அதில் ஒரு கருத்தும் ஒரு மின்னஞ்சலும் சொந்தமாக எழுத வேண்டும், தேறினால் ஆள் முன்னால் உட்கார்ந்து நேர்காணல் உண்டு. அவனுக்கு அது வேலை வைக்கும். ஒன்று மட்டும், 'ஏ பி சி டி பரீட்சை' என்று அவன் காதுபடச் சொல்லாதே. அதையே வகுப்பில் போய்ச் சொல்வான். அங்கே யாராவது ஒரு பையன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அதை எழுதப் போகிறவனாக இருப்பான்.

ஜனவரிப் பரீட்சையின் முடிவு பிப்ரவரியில் வந்தது. 447. படித்ததில் 208, கேட்டதில் 239. பேத்தி அனுப்பிய செய்தியில் அந்தம்மா சார்பாக ஒரு குனிந்து வணங்கும் பொம்மையும் இருந்தது. முட்டை டப்பா இல்லாமல்.

இந்த மாதம் அவன் நாலாவது கிரேடு புத்தகம் வாங்கியிருக்கிறான். முதல் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இங்கிலீஷ் வரிகளுக்கு மேலே ஒரு பென்சில் கோடு இல்லை. சந்தேகப்பட்டு மூன்றாம் பக்கத்தையும் அனுப்பச் சொன்னேன். அங்கிருந்து மறுபடியும் கதகனா.